29சி எப்போது வரும்?

காலை எட்டேமுக்கால் மணிக்குச் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி நிறுத்தத்தைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிழற்குடைக்குள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களெல்லாம் நடைபாதையை விட்டிறங்கி, சாலைக்குள் இரண்டடி வந்து, ஜெமினி பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் நிற்க யாருக்கும் ஆசையில்லை. குடைக்குள் உட்கார்ந்தால் வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியாது. குடைக்கு நேரே ஓர் ஆட்டோ நிற்கும், அதன் பின்னால் ஒரு கார். அதனால் பஸ் நாற்பதடி முன்னால் போய் நடுச்சாலையில் நிற்கும். பைக்குகள் இடப்பக்கம் புகுந்து சீறும். அவற்றுக்கு நடுவே ஓடித்தான் படியைப் பிடிக்க வேண்டும். குடையைக் கட்டியவரும், பஸ்ஸை ஓட்டுபவரும், குடைக்கு வெளியே நிற்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று தோன்றும்.

சென்னைப் போக்குவரத்து பற்றிய பேச்சு மேம்பாலம், மெட்ரோ, நெரிசல் என்ற மூன்று சொற்களைச் சுற்றியே வருகிறது. மூன்றும் ஓடுகிற வண்டியைப் பற்றியவை. தினமும் போய்வருகிறவரிடம் கேட்டால் அவர் புலம்பல் வேறு இடத்தில் இருக்கும். பஸ்ஸுக்கு நின்றது, ரயிலை விட்டிறங்கி அடுத்த வண்டியைத் தேடியது, ஆட்டோவிடம் பேரம் பேசியது, சில்லறை இல்லாமல் திட்டு வாங்கியது. ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் அவருடைய நேரமும் மரியாதையும் கரைகின்றன. ரயிலுக்கு ஒரு துறை, பஸ்ஸுக்கு ஒரு கழகம், சாலைக்கு மாநகராட்சி, சிக்னலுக்குப் போலீஸ். இடைவெளிக்கு மட்டும் யாரும் சொந்தக்காரர் இல்லை.

முதலில் காத்திருப்பு.

"வந்தா மூணு சேர்ந்து வரும், இல்லேன்னா ஒண்ணும் வராது." பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் ஓடும் 29சி-யில் ஏறிப் பழகிய எவரும் இதை ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். இது வெறும் எரிச்சல் பேச்சன்று, கணிதமும் இதையேதான் சொல்கிறது. பத்து நிமிட இடைவெளியில் புறப்பட்ட இரண்டு பஸ்களில் முன்னது ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூடுதல் கூட்டம் காத்திருக்கும். ஏற்றி இறக்க இன்னும் ஒரு நிமிடம் போகும். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற ஆளில்லை. அது நிற்காமல் விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடிக்கும். கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1964இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். தானாக விட்டால் பஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதே அவர்கள் கண்டது. அதற்கு யாருடைய சோம்பேறித்தனமும் தேவையில்லை.

இதனால் பயணி இழப்பது எவ்வளவு? அரை மணிக்கு மூன்று பஸ், சீராகப் பத்து நிமிடத்துக்கொன்றாக வந்தால், வந்து நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே மூன்று பஸ்ஸும் சேர்ந்து வந்தால் பதினைந்து நிமிடம். டீசல் அதேதான், சம்பளம் அதேதான், அலுவலகக் கணக்கில் ஓடிய கிலோமீட்டரும் அதேதான். நிறுத்தத்தில் நின்றவருக்கு மட்டும் மூன்று மடங்கு தண்டனை.

இந்தக் கணக்கின் கொடூரமான முகம் படிக்கட்டில் தெரியும். பின்னால் காலியாக ஒரு பஸ் வருகிறதா இல்லையா என்பது தெரியாதபோது, வந்த பஸ்ஸில் தொற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று பள்ளிப் பையன்களுக்குப் படுகிறது. 2012 டிசம்பரில் பெருங்குடி அருகே, பஸ் படியில் தொங்கிச் சென்ற மாணவர்கள் நால்வர் லாரி உரசி இறந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. தானியங்கிக் கதவு பற்றிப் பேச்சு எழுந்தது, புதிய பஸ்களில் கதவும் வந்தது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், மின்கம்பிக் கோளாறால் ரயில்கள் தாமதமாகிக் கூட்டம் பிதுங்கிய காலை நேரத்தில், படியில் தொங்கியவர்கள் நடைமேடையோரச் சுவரில் மோதிப் பல உயிர்கள் போயின. இரண்டு விபத்துக்குப் பிறகும் அறிவுரை பையன்களுக்கே போயிற்று. அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்ற கேள்வி அவ்வளவு சத்தமாக எழவில்லை.

பஸ் போதவில்லை என்பதும் உண்மைதான். லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால் அது முதல் தரச் சேவை என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். 2011 கணக்கெடுப்பிலேயே சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 86 லட்சம் பேர். அந்தப் பழைய எண்ணிக்கைக்கே 5,000க்கு மேல் பஸ் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம் வைத்திருப்பதோ 3,000 சொச்சம். அதில் டெப்போவில் நிற்பது, டிரைவர் வராததால் ரத்தான டிரிப், பாதிவழியோடு திரும்பும் 'கட் சர்வீஸ்' எல்லாம் அடக்கம். ஆனாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு ஓடும் மூன்று பஸ் ஐந்தாகலாம், ஐந்தும் ஒட்டிக்கொண்டே ஓடும்.

இதற்கு மருந்து சிக்கலானதல்ல. முனையத்தில் டைம் கீப்பர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பஸ்ஸை அனுப்பி வைப்பது போல, வழியில் ஓரிரு இடங்களிலும் இடைவெளியைப் பார்த்து அரை நிமிடம், ஒரு நிமிடம் நிறுத்தி அனுப்ப வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் "ஏன் சார் நிக்குது?" என்று கத்துவார், அது நிச்சயம். அவர் ஒருவர் கத்தினால் பின்னால் வரும் ஆறு நிறுத்தங்களில் ஐம்பது பேர் நிம்மதியாக ஏறுவார்கள். முன்பு எந்த பஸ் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும். 2022இல் வந்த 'சென்னை பஸ்' செயலி ஒவ்வொரு பஸ்ஸும் எங்கே வருகிறது என்பதை வரைபடத்தில் காட்டுகிறது. பயணியின் கைப்பேசிக்குத் தெரிந்ததை வைத்துக் கட்டுப்பாட்டு அறையும் வேலை செய்யலாமே.

இன்னொரு முட்டுக்கட்டை வசூல். டிக்கெட் வசூலை வைத்து ஊழியருக்குப் பேட்டா என்ற முறை இருக்கும்வரை, கூட்டமுள்ள நேரத்தில் முன்னால் ஓடும் ஆசையை அடக்க முடியாது. தென்கொரியத் தலைநகர் சியோல் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அங்கே பஸ்கள் தனியாருடையவை. ஒரே தடத்தில் பயணிகளுக்காகப் போட்டி போட்டு ஓடின. 2004 ஜூலை 1ஆம் தேதி ஒரே நாளில் நகர நிர்வாகம் தடங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எத்தனை பேரை ஏற்றினாய் என்று கேட்பதை விட்டு, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய் என்று பார்த்துப் பணம் கொடுத்தது. நீளமான முக்கியத் தடங்களுக்கு நீலம், ஊட்டும் தடங்களுக்குப் பச்சை என்று நிறம் கொடுத்தது. சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட்டது. பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினால் இன்னொரு டிக்கெட் கிடையாது, மொத்தம் எவ்வளவு தூரம் என்பதற்கு மட்டுமே காசு. முதல் சில நாள் கார்டு இயந்திரங்கள் மக்கர் செய்தன, ஜனங்கள் கொதித்தார்கள், மேயர் லீ மியுங்-பாக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நான்கு ஆண்டு கழித்து அவர் நாட்டின் அதிபரானார் என்பதை நம் ஊர் அரசியல்வாதிகள் கவனிக்கலாம்.

சென்னையிலும் இந்த விதை விழுந்துவிட்டது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து கிளம்பிய 120 தாழ்தள மின்சார பஸ்களைத் தனியார் நிறுவனம் ஓட்டுகிறது, கிலோமீட்டர் கணக்கில் பணம் பெறுகிறது. தொழிற்சங்கங்களுக்கு இதில் தனியார்மய பயம் உண்டு, அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் கிலோமீட்டருக்கு மட்டும் காசு என்றால் நிறுத்தத்தில் நிற்காமல் ஓடினாலும் காசுதான். நேரத்துக்கு வந்தாயா, இடைவெளி சீராக இருந்ததா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஒரு நோய் போய் இன்னொரு நோய் வரும்.

அந்தத் தாழ்தள பஸ்ஸும் எளிதில் வந்துவிடவில்லை. சாதாரண பஸ்ஸின் தரை சாலையிலிருந்து 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றடி. முட்டிவலி உள்ள பாட்டி கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த பஸ் இல்லாததற்குச் சமம். சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும், கட்டுப்படியாகாது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 2024 ஆகஸ்டில் 400 மில்லிமீட்டர் உயரத் தரையுள்ள பஸ்கள் வீதிக்கு வந்தன. இடப்பக்கம் சற்றே சாய்ந்து கொடுக்கும் வசதியும் அவற்றில் உண்டு. வந்த பிறகு ஏறி இறங்குவது எல்லோருக்குமே வேகமாயிற்று. ஆனால் பஸ் ஓரத்தை ஒட்டி நின்றால்தான் இந்த வசதிக்குப் பொருள். நடுச்சாலையில் நிற்கும் தாழ்தள பஸ், நடைபாதையிலிருந்து பார்த்தால் பழைய பஸ்தான். ஆகவே மறுபடி அந்த ஆட்டோவிடமும் காரிடமும் வந்து நிற்கிறோம். நிழற்குடைக்கு முன்னால் ஐம்பதடியைக் காலியாக வைத்திருக்க மேம்பாலச் செலவு வேண்டாம், மஞ்சள் பெயின்ட்டும் அபராதச் சீட்டும் போதும்.

காத்திருப்பில் இன்னொரு கணக்கும் கலந்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய தொகை. பக்கத்துத் தெருவில் கிடைத்த குறைந்த சம்பள வேலையை விட்டு அடையாறு வரை போக முடிகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஆனால் நிறுத்தத்தில் நடப்பதைப் பாருங்கள். டீலக்ஸ் வரும், விட்டுவிடுவார். எக்ஸ்பிரஸ் வரும், விட்டுவிடுவார். மூன்றாவதாக வரும் பிங்க் பஸ்ஸுக்குத்தான் அவர் காத்திருக்கிறார். காசு மிச்சமாகிறது, நேரம் செலவாகிறது. ஒரே தடத்தில் மூன்று விதக் கட்டணம் வைத்திருப்பதால் வரும் வினை இது. தடத்துக்கு ஒரே கட்டணம் என்றால் முதலில் வரும் பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிடலாம். ஒட்டிக்கொள்ளும் நோயும் கொஞ்சம் குறையும்.

இனி, ஒரு வண்டியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் இடம்.

1895இல் மின்சார டிராம், 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம், 1995இல் பறக்கும் ரயில், 2015இல் மெட்ரோ. டிராம் 1953இல் போய்விட்டது. மற்றவை ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் வளர்ந்தன. இந்தத் தனிக்குடித்தனத்துக்குச் சாட்சியாக வேளச்சேரி–பரங்கிமலை ஐந்து கிலோமீட்டரைச் சொல்லலாம். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரி வந்து நின்றது. இன்னும் ஐந்து கிலோமீட்டர் நீட்டினால் புறநகர் ரயிலையும் மெட்ரோவையும் தொட்டுவிடலாம். 2008இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் 500 மீட்டர் நிலத்துக்கான தகராறில் ஆண்டுகள் ஓடின. இருபுறமும் தூண்கள் எழுந்து நிற்க, நடுவில் பாலமில்லாத அந்தக் காட்சியை ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்து வேலைக்கே போய்விட்டார்கள்.

வெளியூர் பஸ் நிலையத்தின் கதை இன்னும் அப்பட்டம். பாரிமுனையிலிருந்த நிலையம் 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அங்கே மெட்ரோ வந்தது 2015 ஜூனில். பெட்டியும் மூட்டையுமாக இறங்கியவர்கள் பதின்மூன்று ஆண்டு ஆட்டோக்காரரின் தயவில் இருந்தார்கள். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது. 88 ஏக்கர், சுமார் 400 கோடி ரூபாய், பளபளக்கும் தரை. எதிரே ஜி.எஸ்.டி. சாலை, அதற்கப்பால் கூப்பிடு தூரத்தில் ரயில் தண்டவாளம். தண்டவாளம் இருந்தது, நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து பத்து மணி நேரம் வந்த பயணி, விடியற்காலை நாலரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, முப்பது கிலோமீட்டருக்கப்பால் உள்ள பெரம்பூருக்கு இன்னொரு பயணம் தொடங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஆட்டோ கேட்ட தொகை சில நாள் ஊரிலிருந்து வந்த டிக்கெட்டையே தாண்டியது. ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் முனையத்துக்குப் பிறகே எழுந்தன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை பதினைந்து கிலோமீட்டர் மெட்ரோ என்ற திட்டமும் உண்டு. வரிசையை மட்டும் மாற்றியிருந்தால் போதும்: முதலில் ரயில் நிலையம், பிறகு பஸ் நிலையம்.

சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம், கும்டா என்ற பெயரில், இந்தத் துறைகளையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவரவே பிறந்தது. அதற்கான சட்டம் 2010இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2019 ஆயிற்று. அது வெளியிட்ட 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். சட்டத்திலிருந்து செயலிக்குப் பதினைந்து ஆண்டு என்றாலும், வந்தது நல்ல வேலை. டிக்கெட்டின் பின்பக்கம் 'பாக்கி 5' என்று கண்டக்டர் பேனாவால் கிறுக்கிக் கொடுப்பதும், இறங்கும் அவசரத்தில் பயணி அதை மறப்பதும் இனிக் குறையலாம். அடுத்த படி சியோல் போட்ட படி. டிக்கெட் ஒன்றானால் மட்டும் போதாது, கட்டணமும் ஒன்றாக வேண்டும். பஸ்ஸில் இரண்டு கிலோமீட்டர் வந்து மெட்ரோவில் ஏறுபவர் இரண்டு இடத்திலும் குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகத் தொடங்குவது, மாறி ஏறியதற்கான அபராதம்தான்.

ஆட்டோவையும் இந்த இடைவெளியின் பகுதியாகவே பார்க்க வேண்டும். ஆட்டோக்காரரைத் திட்டுவது சென்னைவாசிகளின் பொழுதுபோக்கு. ஆனால் அரசு மீட்டர் கட்டணத்தை நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12. ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய் சொச்சம். சென்னையில் பெட்ரோல் 2021இல் நூறைத் தாண்டிய பிறகும் அதே மீட்டர். 2022இல் உயர் நீதிமன்றம் திருத்தச் சொல்லியும் திருத்தவில்லை. 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்துக்கொண்டன. அதன்படி அதே ஐந்து கிலோமீட்டர் 107 ரூபாய் சொச்சம். அரசு, "அப்படி வாங்கக் கூடாது" என்றது. பத்தாண்டு பழைய விலையில் அரிசி விற்கச் சொன்னால் கடைக்காரர் கடையை மூடுவார் அல்லது தராசில் கைவைப்பார். ஆட்டோக்காரர் மீட்டரை மூடினார். எரிபொருள் விலையோடு ஆண்டுக்கொருமுறை தானாக மாறும் கட்டணம் என்று ஒரு விதி எழுதினால், "மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க" என்ற வசனத்துக்குப் பாதி வேலை போய்விடும்.

கிராமத்தில் இடைவெளி இன்னும் அகலமானது. மெயின் ரோட்டில் பஸ் போகும், ஊர் உள்ளே மூன்று கிலோமீட்டர். இரவு ஊரிலேயே தங்கி விடிகாலை கிளம்பும் 'நைட் ஹால்ட்' பஸ் நின்றுபோன ஊரில், டவுனில் வேலை பார்க்கும் பெண் மாலை ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும், இல்லையென்றால் கடைசி பஸ் போய்விடும். 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் பல குக்கிராமங்களை இப்படி மெயின் ரோட்டோடு சேர்த்தது. பிறகு லாபமுள்ள டவுன் தெருக்களிலேயே பல வண்டிகள் ஒதுங்கிவிட்டன. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய திட்டம் தடத்தின் நீளத்தை 25 கிலோமீட்டர் வரை அனுமதித்து, அதில் பெரும்பகுதி பஸ்ஸே போகாத சாலையாக இருக்க வேண்டும் என்கிறது. சாயங்காலம் ஏழரைக்குப் பிறகு ஒரு டிரிப் கட்டாயம் என்ற நிபந்தனையும் சேர்ந்தால் திட்டம் முழுமை பெறும்.

இவ்வளவுக்கும் நடுவே கோபித்துக்கொண்டு விலகிப்போனவர்கள் ஏராளம். அவர்கள் கார் வாங்கவில்லை, ஸ்கூட்டி வாங்கினார்கள். மாதத் தவணை தொடங்கிய நாளிலிருந்து பஸ் எவ்வளவு நன்றாக ஓடினாலும் திரும்ப வரமாட்டார்கள், வண்டி வீட்டில் சும்மா நிற்குமே. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கும் பையனையும் பெண்ணையும் அந்தத் தவணைக் கையெழுத்துக்கு முன்பே பிடிக்க வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் செலவில் எழுகிறது. வேண்டியதுதான். ஆனால் அதன் நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள ஒரு கிலோமீட்டரில் நடைபாதை எப்படி இருக்கிறது என்பதே அந்தப் பையன் ஸ்கூட்டி வாங்குவானா என்பதைத் தீர்மானிக்கும். நடப்பவர்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய நகரம் சென்னைதான், 2014இல். பாண்டி பஜாரில் அதன் அழகைப் பார்க்கலாம். இரண்டு தெரு தள்ளிப் போனால் நடைபாதையில் ஈ.பி. பெட்டி, அதன் மேல் இளநீர்க் குலை, அதன் பக்கத்தில் ஒரு புல்லட்.

போக்குவரத்துத் துறையின் ஆண்டறிக்கைகளில் ஓடிய கிலோமீட்டர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், வசூல், விபத்து எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. பயணி சராசரியாக எத்தனை நிமிடம் நின்றார் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. முன்பு அதை அளக்க வழியில்லை. இப்போது, நேற்று காலை எட்டிலிருந்து பத்து வரை ஸ்டெல்லா மாரிஸ் நிறுத்தத்தை 29சி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கடந்தது என்பது ஏதோ ஒரு சர்வரில் கிடக்கிறது. அதை வாராவாரம் ஒரு தாளில் அச்சடித்து நிழற்குடையின் தூணில் ஒட்டலாம். பசைக்கும் தாளுக்கும் டெண்டர் விடும் அளவுக்குச் செலவாகாது.